இணைப்புக் கோப்பைத் திறப்பதே வேலையாக இருப்பவர்களுக்கு என்ன கற்பிப்பது? ஒரு பயிற்சிச் சேவையின் மதிப்புரை

தீங்கான மின்னஞ்சல் இணைப்புக் கோப்புகளை ஊழியர்கள் அடையாளம் கண்டுகொள்ளக் கற்பிக்கும் ஒரு சேவைக்கு எங்கள் அலுவலகம் ஆண்டுச் சந்தா கட்டியது. அதன் நிர்வாகப் பொறுப்பு என்னிடம் இருந்ததால், பாடம் படிப்பவனாகவும், சக ஊழியர்களுக்குப் போலித் தாக்குதல் மின்னஞ்சல்களை அனுப்புபவனாகவும், மாத இறுதி அறிக்கையை மேலிடத்துக்கு விளக்கிச் சொல்பவனாகவும் அதை எல்லாப் பக்கமிருந்தும் பார்க்க வாய்த்தது. சேவை நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அதற்கு மட்டும் உரியவை அல்ல. வாங்குவதற்கு முன் பார்த்த மற்ற நிறுவனங்களின் முன்னோட்டங்களிலும் ஏறத்தாழ இதே பாடத்திட்டமும் இதே அறிக்கையும்தான் இருந்தன.

சேவையில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது குறுகிய காணொளிப் பாடங்கள். இரண்டாவது, ஊழியர்களைச் சோதிப்பதற்காக முன்னறிவிப்பின்றி அனுப்பப்படும் போலி மின்னஞ்சல்கள். மூன்றாவது, சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்ப அஞ்சல் செயலியிலேயே பொருத்தப்படும் ஒரு பொத்தான். விற்பனைப் பிரதிநிதி முதல் இரண்டைப் பற்றியே மணிக்கணக்கில் பேசினார். மூன்றாவதைக் கடைசி ஸ்லைடில் ஒரு வரியாகச் சொல்லி முடித்தார். ஆனால் கொடுத்த பணத்துக்கு ஈடான பலன் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் எங்களுக்குக் கிடைத்தது.

காணொளிகளில் சிறந்தது கோப்பின் எக்ஸ்டென்ஷனைப் பற்றிய பாடம். கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வந்து அதன் வகையைச் சொல்லும் எழுத்துகளே எக்ஸ்டென்ஷன். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸை வைத்து அந்தப் பாடம் தொடங்குகிறது. அந்தக் காதல் கடிதக் கோப்பின் பெயரில் உரைக்கோப்புக்குரிய டிஎக்ஸ்டி என்ற எக்ஸ்டென்ஷன் முதலில் வந்தது. அதற்குப் பின்னால், கணினியில் கட்டளைகளை நிறைவேற்றக்கூடிய விபிஎஸ் என்ற எக்ஸ்டென்ஷனும் இருந்தது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்துக் காட்டும் இயல்புடையது என்பதால், பலர் கண்ணுக்கு அது வெறும் உரைக்கோப்பாகவே தெரிந்தது. அந்த இயல்பு இன்றும் மாறவில்லை. எக்ஸ்டென்ஷன்களைக் காட்டும்படி நாமாகத்தான் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அதை எங்கே, எப்படி மாற்றுவது என்பதைப் பாடம் திரையில் காட்டி, ஊழியரைத் தம் கணினியிலேயே செய்ய வைத்த பிறகுதான் அடுத்த பகுதிக்கு நகர்கிறது.

அதே பாடத்தின் இரண்டாம் பாதி இன்னும் நன்றாக இருக்கிறது. அரபு, எபிரேயம் போன்று வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளுக்காக, கணினியில் எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறியீடு உண்டு. கோப்பின் பெயருக்கு நடுவே அதை நுழைத்துவிட்டால், அதற்குப் பின் வரும் எழுத்துகள் திரும்பித் தெரியும். உண்மையில் இஎக்ஸ்இ என்று முடியும் நிரல் கோப்பு, பார்ப்பவருக்குப் பிடிஎஃப் என்று முடிவதாகத் தோன்றும். எக்ஸ்டென்ஷனைப் பார்க்கக் கற்றுக்கொண்டவரையும் இது ஏமாற்றிவிடும். பாடத்தில் அப்படி ஒரு கோப்பைத் தயாரித்து, பிடிஎஃப்புக்குரிய சின்னத்தையும் ஒட்டி, ஃபோல்டரில் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்தால் விலைப்பட்டியல். சின்னத்தைப் பார்த்தாலும் விலைப்பட்டியல்தான். கோப்புகளின் வகையைக் காட்டும் பத்தியைத் திறந்தவுடன், மற்றவற்றுக்கு நேராக ஆவணம் என்றும் இந்த ஒன்றுக்கு நேராக மட்டும் செயலி என்றும் வருகிறது. எங்கள் அலுவலகத்தில் பலருக்கு நினைவில் நின்ற காட்சி இதுதான்.

இந்தத் தரம் மற்றப் பாடங்களில் இல்லை. குறிப்பாக, வேர்ட், எக்செல் கோப்புகளுக்குள் வைக்கப்படும் சிறு நிரல்களான மேக்ரோக்களைப் பற்றிய பாடத்தைத் தயாரித்தவர்கள் சில ஆண்டுகளாக உலகில் நடந்ததைக் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. 1999இல் மெலிசா வைரஸ் வேர்ட் மேக்ரோ வழியாகப் பரவிய காலத்திலிருந்து நீண்ட காலம் மேக்ரோவே தாக்குபவர்களின் முதன்மைக் கருவியாக இருந்தது உண்மை. 2015 டிசம்பரில் உக்ரைனில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்ட தாக்குதலிலும், மின் நிறுவனங்களுக்குள் நுழைய மேக்ரோ கொண்ட அலுவலக ஆவணங்கள் பயன்பட்டன. ஆனால் இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. முன்பு மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் கன்டென்ட்’ என்று வந்த பொத்தான் அத்தகைய கோப்புகளில் இப்போது வருவதில்லை. அதற்குப் பதிலாக, மேக்ரோ தடுக்கப்பட்டது என்று அறிவிக்கும் சிவப்புப் பட்டை வருகிறது. எங்கள் சேவையின் பாடமோ இன்னமும் அந்த மஞ்சள் பட்டையையே பெரிதாக்கிக் காட்டி, அதை அழுத்தாதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டிருக்கிறது. திரையில் வராத பொத்தானை அழுத்தாமல் இருக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

அந்த மாற்றத்துக்குப் பிறகு தாக்குபவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கற்பிக்க வேண்டிய விஷயம். முதலில், ஒரு வட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அடக்கும் ஐஎஸ்ஓ கோப்புகளுக்குப் போனார்கள். இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின்மீது விண்டோஸ் ஓர் அடையாளக் குறியை இடும். எச்சரிக்கைகள் பலவும் அந்தக் குறியைப் பார்த்தே எழுகின்றன. ஐஎஸ்ஓவுக்குள் வைத்து அனுப்பிய கோப்புகளுக்கு அந்தக் குறி போய்ச்சேரவில்லை. 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைத்த பிறகு, 2023இன் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் குறிப்பேட்டுச் செயலியான ஒன்நோட்டின் கோப்புகள் வெள்ளமாக வந்தன. அவற்றைத் திறந்தால் மங்கலான ஒரு ஆவணமும், ‘பார்க்க இருமுறை சொடுக்கவும்’ என்ற பெரிய பட்டையும் தெரியும்; அந்தப் பட்டைக்கு அடியில் தீநிரல் ஒளிந்திருக்கும். அவையும் அதே ஆண்டில் தடுக்கப்பட்டன. இவற்றோடு ஷார்ட்கட் கோப்புகள், உலாவியில் திறந்து போலி உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும் ஹெச்டிஎம்எல் கோப்புகள், கியூஆர் குறியைத் தவிர வேறெதுவும் இல்லாத பிடிஎஃப்கள் என்று பட்டியல் நீள்கிறது. கியூஆர் குறியைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால், அலுவலகக் கணினியில் போட்டு வைத்த பாதுகாப்பு எதுவும் உதவாது. மேலும், 2022 மே மாதம் வெளிப்பட்ட ஃபோலினா என்ற ஓட்டை, மேக்ரோவே இல்லாத வேர்ட் கோப்பாலும் கணினியில் கட்டளைகளை இயக்க முடியும் என்று காட்டியது. இவற்றில் ஒன்றுகூடப் பாடத்தில் இல்லை. கேட்டபோது, ‘அடுத்த காலாண்டில் புதுப்பிக்கிறோம்’ என்ற பதில் ஒவ்வொரு காலாண்டிலும் கிடைத்தது.

ஒவ்வொரு கோப்பு வகையையும் ஊழியர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இஎக்ஸ்இ போன்றவற்றை அஞ்சல் சேவைகளே வழியில் நிறுத்திவிடுகின்றன. ஜிமெயில் 2017 பிப்ரவரி முதல் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் ஏற்பதில்லை. வடிகட்டியைத் தாண்டி ஊழியரின் கைக்கு வருவது எது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பு அதற்கு நல்ல உதாரணம். உள்ளே இருப்பது பூட்டப்பட்டிருப்பதால் வடிகட்டியால் அதைப் பார்க்க முடியாது. திறப்பதற்கான கடவுச்சொல்லோ அதே மின்னஞ்சலின் உடலில் எழுதப்பட்டிருக்கும். இரகசியத்தைக் காக்கப் பூட்டுகிறவர் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவாரா? இந்த ஒரு கேள்வியை ஊழியர் மனதில் விதைத்துவிட்டால் பல பாடங்களை மிச்சப்படுத்தலாம்.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. அறியாதவரிடமிருந்து வரும் கோப்பைத் திறக்காதீர்கள், எழுத்துப்பிழைகளைப் பாருங்கள், அவசரப்படுத்தும் தொனியைச் சந்தேகியுங்கள் என்ற மூன்று அறிவுரைகளைப் பாடங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எங்கள் கணக்குப் பிரிவில் உள்ள அம்மையார் ஒருவர் பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்து, “தெரியாதவங்க அனுப்புற பில்லைத் திறந்து பாக்குறதுதானே சார் என் வேலை? திறக்கலைன்னா யாருக்குப் பணம் போடுறது?” என்று கேட்டார். ஆள் சேர்ப்புப் பிரிவுக்கு அறிமுகமில்லாதவர்களின் சுயவிவரக் கோப்புகளைத் திறப்பதே தொழில். கொள்முதல் பிரிவுக்கு வரும் மின்னஞ்சல்களில் அவசரம் இல்லாதது அபூர்வம். மேலும், வணிகக் கடிதங்களில் எழுத்துப்பிழை செய்பவர்கள் எல்லாம் திருடர்கள் என்றால், எங்கள் மேலாண்மையே முதலில் சந்தேக வளையத்துக்குள் வந்துவிடும்.

அறிந்தவரிடமிருந்து வந்தால் பாதுகாப்பு என்பதும் உண்மையல்ல. 2014இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இமோடெட் என்ற தீநிரல், தான் பிடித்த கணினிகளிலிருந்து பழைய மின்னஞ்சல் உரையாடல்களைத் திருடி, அந்த உரையாடலுக்கே பதில் எழுதுவதுபோலத் தீங்கான கோப்பை இணைத்து அனுப்பியது. தலைப்பு சரியாக இருக்கும், முந்தைய கடிதம் கீழே அப்படியே இருக்கும், பெயரும் தெரிந்த பெயராக இருக்கும். 2021 ஜனவரியில் பல நாடுகளின் காவல்துறைகள் சேர்ந்து அதன் சேவையகங்களைக் கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் அது மீண்டும் தலைதூக்கியது. இத்தகைய கடிதத்தில் சந்தேகத்தை எழுப்பக்கூடியவை இரண்டே: பெயருக்குப் பின்னால் உள்ள உண்மையான மின்னஞ்சல் முகவரி, எதிர்பார்க்காத இடத்தில் எதிர்பார்க்காத வகையில் வந்துநிற்கும் கோப்பு. அனுப்பியவரின் அஞ்சல் பெட்டியே களவு போயிருந்தால் முதலாவதும் உதவாது. ஏற்கெனவே நம்மிடம் உள்ள தொலைபேசி எண்ணில் அவரை அழைத்துக் கேட்பது ஒன்றே வழி. இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு பாடத்தின் இறுதியில் அரைநிமிடம் பேசுகிறார்கள். எழுத்துப்பிழைக்கோ தனிக் காணொளியே உண்டு.

போலித் தாக்குதல் மின்னஞ்சல்களின் நூலகம் பெரியது. ஆனால் அதில் தேர்ந்தெடுக்கத் தகுந்தவை குறைவு. ஊக்கத்தொகை அறிவிப்பு, ஊதிய உயர்வுக் கடிதம், பணிநீக்கப் பட்டியல் ஆகியவை ‘அதிக வெற்றி’ என்ற நட்சத்திரத்தோடு முதல் வரிசையில் நிற்கின்றன. 2020 டிசம்பரில் இணையதளப் பெயர்களை விற்கும் கோடாடி நிறுவனம் விழாக்கால ஊக்கத்தொகை தருவதாகச் சொல்லி ஊழியர்களைச் சோதித்து, கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. சோதனை முடிந்த பிறகும் அதே ஊழியர்களோடுதான் நாம் வேலை செய்தாக வேண்டும். நாங்கள் அந்த வரிசையை முழுவதும் ஒதுக்கிவிட்டு, விலைப்பட்டியல், கொரியர் சீட்டு, ஒப்பந்த வரைவு ஆகியவற்றை எங்கள் பிரிவுகளின் நடைமுறைக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினோம். மாற்றி எழுதுவதற்கான வசதி எளிதாக இருந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனைகளின் விளைவாகக் கிடைக்கும் சொடுக்கு விகிதம், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் ஏமாந்து சொடுக்கினார்கள் என்ற எண்ணை மேலிடம் மிகவும் விரும்புகிறது. எனக்கோ அதில் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஒரு சுற்றின் அறிக்கையில், ஒரு பிரிவின் ஊழியர்கள் ஏறத்தாழ அனைவரும் மின்னஞ்சல் வந்த சில நொடிகளுக்குள் லிங்க்கைச் சொடுக்கியதாகப் பதிவாகியிருந்தது. நீண்ட விடுப்பில் இருந்தவரின் பெயரும் பட்டியலில் இருந்தது. சொடுக்கியது மனிதர்கள் அல்ல. உள்ளே வரும் ஒவ்வொரு லிங்க்கையும் முன்கூட்டியே திறந்து சோதிக்கும் எங்கள் அஞ்சல் வடிகட்டி. இது இத்தகைய சேவைகளில் எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்தான். ஆயினும் உதவிக் குழுவினர் அதை ஒப்புக்கொள்ளவே வெகு நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் அந்தப் பிரிவினருக்குக் கட்டாய மறுபயிற்சிக் கடிதம் தானாகவே போய்விட்டது. இணைப்புக் கோப்புச் சோதனையில் வேறு வகையான பிழை: கோப்பு திறக்கப்பட்டதா என்பதை, அது இணையத்திலிருந்து ஒரு சிறு படத்தை எடுக்கிறதா என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இணையத்திலிருந்து வந்த கோப்பைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் வேர்டின் புரொடெக்டட் வியூவில் திறந்தால் அந்தப் படம் எடுக்கப்படாது. ஆகவே திறந்தவர் திறக்காதவராகக் கணக்கில் வருகிறார்.

எண் சரியாக இருந்தாலும் அதற்கு என்ன பொருள் என்பது வேறு கேள்வி. சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ அமைப்பில் 19,500க்கும் மேற்பட்ட ஊழியர்களை 8 மாதங்கள் கவனித்து 2025இல் வெளியான ஆய்வில், அவுட்லுக் கடவுச்சொல்லைப் புதுப்பிக்கச் சொன்ன போலிக் கடிதத்துக்கு 1.82 விழுக்காட்டினர் ஏமாந்தார்கள்; விடுப்புக் கொள்கை மாறிவிட்டது என்ற கடிதத்துக்கு 30.8 விழுக்காட்டினர் ஏமாந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வேறுபாடோ 1.7 விழுக்காடுதான். அதாவது, தூண்டிலை மாற்றுவதன் மூலமே விகிதத்தை விரும்பியபடி ஏற்றவும் இறக்கவும் முடியும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2020இல் வெளியிட்ட ஃபிஷ் ஸ்கேல் என்ற அளவுகோல் இதற்காகவே உருவானது. கடிதத்தில் எத்தனை தடயங்கள் உள்ளன, பெறுபவரின் வேலையோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பார்த்துக் கடினத்தை மதிப்பிட்ட பிறகே சொடுக்கு விகிதத்தைப் படிக்க வேண்டும் என்கிறது. எங்கள் சேவையின் அறிக்கையில் கடின அளவு என்ற பத்தியே இல்லை. சென்ற மாதத்தைவிடப் பாதியாகக் குறைந்தது என்று பச்சை அம்பு காட்டும். சென்ற மாதக் கடிதம் எப்படிப்பட்டது என்று சொல்லாது.

ஏமாந்தவுடன் திரையில் தோன்றும் ‘இது ஒரு சோதனை’ என்ற உடனடிப் பாடத்தைப் பற்றியும் விற்பனையாளர் உயர்வாகச் சொன்னார். சூரிச்சில் உள்ள இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதங்கள் நடத்திய ஆய்வு, அந்த முறை ஊழியர்களின் எதிர்ப்புத் திறனைக் கூட்டவில்லை என்றும், எதிர்விளைவும் உண்டாக்கலாம் என்றும் கண்டது. அதே ஆய்வு, ஊழியர்கள் சந்தேகக் கடிதங்களைப் பொத்தான் அழுத்திப் புகார் செய்யும் முறை பெரிய நிறுவனத்திலும் நடைமுறையில் வேலை செய்கிறது என்று கண்டது. எங்கள் அனுபவம் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது.

அந்தப் பொத்தானுக்கு வருவோம். அஞ்சல் செயலியின் மேற்பகுதியில் அது நிரந்தரமாக இருக்கிறது, கைபேசியிலும் உண்டு. அழுத்தினால் மின்னஞ்சல் அதன் முழுத் தலைப்பு விவரங்களோடும் இணைப்புக் கோப்போடும் பாதுகாப்புக் குழுவின் தனிப் பெட்டிக்குப் போகிறது. ஊழியரின் பெட்டியிலிருந்தும் விலகிவிடுகிறது. கோப்பு ஊழியரின் கணினியில் அல்லாமல் சேவையின் தனிமைப்படுத்தப்பட்ட சூழலில் திறந்து பார்க்கப்படுகிறது. ஒருவர் அனுப்பியது தீங்கானது என்று உறுதியானால், அதே கடிதம் வேறு யாருக்கெல்லாம் வந்திருக்கிறதோ அவர்கள் பெட்டிகளிலிருந்தும் ஒரே கட்டளையில் அகற்றிவிடலாம். நான் மிகவும் மதித்தது பதில் எழுதும் வசதியை. ‘நீங்கள் அனுப்பியது பாதுகாப்பானது, திறக்கலாம்’ என்றோ, ‘தீங்கானது, நன்றி’ என்றோ புகார் செய்தவருக்குப் பதில் போகிறது. பதில் விரைவாக வந்த பிரிவுகளில் புகார்கள் பெருகின. தாமதித்த வாரங்களில் உடனே குறைந்தன. முன்னர் என்னிடம் கேட்ட அதே அம்மையார், அறிமுகமற்ற பில் ஒவ்வொன்றையும் இப்போது பொத்தான் வழியாக அனுப்பிவிட்டுப் பதில் வந்ததும் திறக்கிறார். அவருக்குப் பயன்பட்டது எச்சரிக்கை அல்ல, கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஏற்பாடு.

இந்தப் பொத்தான் இல்லாத இடத்தில் ஊழியர்கள் சந்தேகக் கோப்பை வைரஸ்டோட்டல் போன்ற பொதுத் தளங்களில் ஏற்றிச் சோதிப்பதைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் அங்கே ஏற்றப்படும் கோப்பை அத்தளத்தின் சந்தாதாரர்கள் பதிவிறக்க முடியும். கோப்பு தீங்கற்ற ஒப்பந்தமாகவோ ஊதியப் பட்டியலாகவோ இருந்துவிட்டால் கசிவை நாமே உண்டாக்கியவர்களாவோம். பாடத்தில் இந்த எச்சரிக்கையும் இடம்பெற வேண்டும், இப்போது இல்லை.

வடிகட்டி ஒதுக்கிவைத்த கடிதத்தைத் திரும்ப எடுப்பதைப் பற்றியும் பாடம் மௌனம் சாதிக்கிறது. 2011இல் பாதுகாப்பு நிறுவனமான ஆர்எஸ்ஏவுக்குள் தாக்குபவர்கள் நுழைந்தது, ஆள் சேர்ப்புத் திட்டம் என்ற தலைப்பில் வந்த ஓர் எக்செல் கோப்பின் வழியே. வடிகட்டி அதைக் குப்பை அஞ்சல் பெட்டிக்குத் தள்ளியிருந்தது. ஊழியர் ஒருவர் அதைத் தேடி எடுத்துத் திறந்தார். இதைவிடச் சுருக்கமான, உறைக்கக்கூடிய உதாரணம் பாடத்துக்குக் கிடைக்காது.

திறந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்ற பாடம் ஒரே ஒரு பக்கம். வலையிணைப்பைத் துண்டியுங்கள், கணினியை அணைக்காதீர்கள், உடனே தொலைபேசியில் சொல்லுங்கள் என்ற அளவில் அது சரி. ஆனால் அடுத்த பக்கத்திலேயே, மூன்று முறை ஏமாந்தவரின் பெயரை மேலாளருக்குத் தானாக அனுப்பும் வசதியை விளக்குகிறார்கள். பெயர் மேலாளருக்குப் போகும் என்று தெரிந்தவர் உடனே தொலைபேசியை எடுப்பாரா? ஊழியர்களைத் தண்டிக்கக் கூடாது, எல்லாத் தாக்குதல்களையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் கூடாது என்று பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறது. நாங்கள் அந்த வசதியை முதல் நாளே அணைத்தோம். எந்தப் பட்டியில் அது ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமமாக இருந்தது.

வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளரிடம் சில கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது நல்லது: பாடங்கள் கடைசியாக எப்போது திருத்தப்பட்டன, கணக்கு, ஆள் சேர்ப்பு, கொள்முதல் பிரிவுகளுக்குத் தனிப் பாடம் உண்டா, அஞ்சல் வடிகட்டியின் சொடுக்குகளை அறிக்கையிலிருந்து எப்படிக் கழிக்கிறார்கள், முதல் புகார் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதை அறிக்கை காட்டுமா. கடைசிக் கேள்விக்கான எண், சொடுக்கு விகிதத்தைவிட அதிகம் சொல்லும். புகார்களைப் பார்த்துப் பதில் எழுத ஆள் ஒதுக்க முடியாத சிறு அலுவலகங்கள் இந்தச் சேவையை வாங்காமல், எக்ஸ்டென்ஷன்களைக் காட்டும் அமைப்பையும் நல்ல அஞ்சல் வடிகட்டியையும் சரிசெய்துகொண்டாலே போதும்.

சந்தாவைப் புதுப்பிக்கும் நேரத்தில், காணொளிகளை விட்டுவிட்டுப் பொத்தானையும் ஆய்வுச் சூழலையும் மட்டும் தரும்படி கேட்டோம். பிரித்துத் தர மறுத்துவிட்டார்கள். ஆகவே முழுச் சந்தாவையே புதுப்பித்திருக்கிறோம். புதிதாகச் சேருபவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் பாடத்தை மட்டும் ஒதுக்கி, மற்றக் காணொளிகளை அணைத்து வைத்திருக்கிறோம். கணக்குப் பிரிவுக்கான பாடத்தை, அவர்களுக்கு உண்மையில் வந்த பில்களைக் கொண்டு நாங்களே தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.